எந்த சாஃப்ட்வேர் என்று கேட்கும் முன் எந்த டிஷ் என்று பாருங்கள்

கேள்வி: ஆனைமலைப் பக்கம் தோட்டத்துல குடியிருக்கறோமுங்க. மொட்டைமாடியில டிடி ஃப்ரீ டிஷ் ஒண்ணு, ஹால்ல கேபிள் பாக்ஸ் ஒண்ணு. டிடி தமிழ்ல எனக்குப் பிடிச்ச விவசாய நிகழ்ச்சி, கச்சேரி எல்லாம் பொழுதோட வருது. அந்நேரம் நான் கட்டுத்தறியில பால் கறந்துட்டு இருப்பேன். அம்மாவுக்கு ராத்திரிச் சீரியல் விட்டுப்போனா காலையில பாக்கோணும். பையன் விட்டுட்டுப் போன பழைய டெஸ்க்டாப் இருக்குது, மூணாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி. விண்டோஸ் 7-ல மீடியா சென்டர்னு ஒண்ணு இருந்துச்சு, இப்ப அதைக் காணோம். கோடினு (Kodi) ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுப் பாத்தேன், ரெக்கார்ட் பட்டனே இல்லீங்க. பிளெக்ஸ், ஜெல்லிஃபின், மித்டிவி, டிவிஹெட்எண்ட்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதைப் போடட்டுங்க?
- ஆனைமலை வாசகர்

பதில்:

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இதுதான். டெஸ்க்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லிப்ரெஎலெக் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுங்கள். அதற்குள் டிவிஹெட்எண்ட் பதிவு செய்யும், கோடி காட்டும். எதற்கும் காசில்லை. ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டில்லாமல் வரும் சேனல்களை எல்லாம் இதில் பதிவு செய்யலாம். அம்மாவின் சீரியல் மட்டும் இதில் வராது. அதற்கு வழி வேறு.

கோடியில் பட்டன் இல்லாதது உங்கள் தவறல்ல. டிஷ்ஷிலிருந்து வருவதைப் பிடிப்பது டியூனர் கார்டு. பிடித்ததைச் சேனல் சேனலாகப் பிரித்து, நேரம் பார்த்து டிஸ்கில் எழுதுவது ஒரு சாஃப்ட்வேர். எழுதியதை டிவியில் காட்டுவது இன்னொரு சாஃப்ட்வேர். கோடி இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் வந்த ஆள். பால் கணக்கில் சொன்னால் கோடி வெறும் டம்ளர். கறக்கிற கை வேறு, கேன் வேறு. பின்னால் டிவிஹெட்எண்டைக் கட்டிவிட்டால் அதே கோடியில் ரெக்கார்ட் பட்டன் தானாக வந்து நிற்கும். மைக்ரோசாஃப்டின் மீடியா சென்டர் எல்லா வேலையையும் தானே பார்த்துக்கொண்டது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அதைக் கைவிட்டார்கள்; நிகழ்ச்சிப் பட்டியல் அனுப்பும் சேவையையும் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். பழைய டிஸ்கைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

இனி, எது பதிவாகும், எது ஆகாது. இந்த இடத்தில்தான் பலர் காசை விடுகிறார்கள். கேபிளிலும் கட்டண டிடிஎச்சிலும் வரும் சேனல்கள் பூட்டோடு வருகின்றன. சாவி பாக்ஸிலும் அதன் கார்டிலும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் செருகும் எந்த டியூனரும் அந்தப் பூட்டைத் திறக்காது. "எல்லாம் வரும் சார்" என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். பாக்ஸின் எச்டிஎம்ஐ முனையைக் கேப்சர் கருவியில் செருகினால் கருப்புத் திரைதான் தெரியும். எச்டிசிபி என்ற காப்பு அதற்காகவே வைத்தது.

அம்மாவின் சீரியலுக்கு முதலில் கேபிள் பாக்ஸின் ரிமோட்டைப் பாருங்கள். சிவப்புப் புள்ளியோடு ரெக்கார்ட் பட்டன் இருந்து, பின்னால் யூஎஸ்பி துளையும் இருந்தால் பாக்ஸே பதிவு செய்யக்கூடும். துளை மட்டும் இருந்து பட்டன் இல்லையென்றால் அது பெரும்பாலும் பாட்டுப் போடவோ சர்வீஸ்காரருக்கோ விட்ட துளை. ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு வசதி இருந்தால் இரண்டு எச்சரிக்கை. டிஸ்கைச் செருகியதும் "ஃபார்மட் செய்யவா" என்று பாக்ஸ் கேட்கும், ஆமாம் என்றால் உள்ளே இருந்த கல்யாண போட்டோ எல்லாம் போய்விடும். புது டிஸ்க்கையே கொடுங்கள். அடுத்து, பாக்ஸ் எழுதும் பதிவும் பூட்டோடுதான் இருக்கும். அந்தப் பாக்ஸைத் தவிர வேறு எதிலும் ஓடாது. பாக்ஸ் பழுதாகி மாற்றிக் கொடுத்தால் பழைய பதிவுகள் அன்றோடு சரி.

பதிவு வசதியே இல்லாத பாக்ஸ் என்றால், மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி துளைகளிலிருந்து யூஎஸ்பி கேப்சர் கருவி வழியாக எடுக்கலாம். படம் 720க்கு 576 புள்ளிதான், எச்டி கிடைக்காது. அதைவிடத் தொல்லை, சாஃப்ட்வேரால் பாக்ஸின் சேனலை மாற்ற முடியாது. அந்நேரத்துக்குப் பாக்ஸ் அந்தச் சேனலிலேயே நிற்க வேண்டும், வீட்டில் வேறு யாரும் ரிமோட்டைத் தொடக்கூடாது. ஒரு சீரியலுக்கு இந்தப் பாடு தேவையில்லை. சன் நெக்ஸ்ட், ஜியோ ஹாட்ஸ்டார், ஜீ5 என்று அம்மா பார்க்கும் சேனல் எதுவோ அதன் செயலியை டிவியில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஒளிபரப்பான எபிசோடு அதில் கிடைக்கும்.

மீதி எல்லாம் ஃப்ரீ டிஷ்தான். மொட்டைமாடிக்குப் போவோம்.

ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15-லிருந்து. பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் நின்று பார்த்தால் அது வடக்கிலிருந்து வலமாகச் சுமார் 122 டிகிரியில், அதாவது தென்கிழக்கில், தரையிலிருந்து 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட உச்சிக்கு அருகில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்னந்தோப்புக்காரருக்கு இது நல்ல சேதி. டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த மரம்கூட, தென்கிழக்கில் நாலேகால் மீட்டருக்குள் நின்றால்தான் மறைக்கும். அந்தத் திசையில் மொட்டைமாடிக்குள் மட்டை நீட்டும் மரம் இருந்தால் மட்டையைக் கழித்தால் போதும், மரத்தில் கை வைக்க வேண்டாம்.

டிஷ் ஆடாமல் இருக்க வேண்டும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயில் நுழையும் காற்று, கேத்தனூர், உடுமலை காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று, உங்கள் டிஷ்ஷையும் பிடித்துத் திருகும். 60 செ.மீ. டிஷ் வானத்தில் பார்க்கும் அகலம் சுமார் 3 டிகிரிதான். விளிம்பு ஒரு சென்டிமீட்டர் திரும்பிவிட்டாலே சிக்னல் பாதி அளவுக்கும் கீழே போய்விடும். ஆனி கடைசியில் ஒருமுறை போல்ட் நட்டுகளை இறுக்கிவிடுங்கள். இறுக்கிய நிலையில் தாங்கியின் மேல் பெயின்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். திரும்பியிருந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். அப்படியே டிஷ்ஷுக்கு முன்னால் நீண்டு நின்று அலையைப் பிடிக்கும் எல்என்பி மூக்கின் பிளாஸ்டிக் மூடியையும் பாருங்கள். அதன் மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தால் சிக்னல் மெல்ல மெல்லக் குறையும், காரணம் கீழே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

டிஷ் புதிதாக மாற்றுவதாக இருந்தால் 90 செ.மீ. வாங்குங்கள். பரப்பு 60 செ.மீ. டிஷ்ஷைப் போல இரண்டேகால் மடங்கு, அதாவது மூன்றரை டெசிபல் கூடுதல். ஐப்பசி மழையில் ஹாலில் டிவி பார்ப்பவர் படம் நின்றால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வருவார். பதிவு அப்படியில்லை; நடுவில் போன ஐந்து நிமிடம் போனதுதான். அதனால் பார்ப்பதற்குப் போதும் என்கிற டிஷ் பதிவுக்குப் போதாது.

இப்போதுள்ள எல்என்பிக்கு ஒரே வெளியீடு என்றால் அதையும் மாற்ற வேண்டும். ஃப்ரீ டிஷ் பாக்ஸும் கம்ப்யூட்டரும் ஒரே கேபிளை ஸ்ப்ளிட்டர் போட்டுப் பகிர்ந்தால் சண்டை வரும். எல்என்பி எந்தத் திசை அலையைப் பிடிக்க வேண்டும் என்பதை டியூனர்தான் கேபிள் வழியே மின்சாரம் அனுப்பிச் சொல்கிறது: 13 வோல்ட் என்றால் செங்குத்து, 18 வோல்ட் என்றால் கிடை. ஒருவர் 13, இன்னொருவர் 18 அனுப்பினால் ஒருவருக்குப் படம் போகும். இரட்டை வெளியீட்டு எல்என்பி வாங்கி, ஆளுக்கொரு கேபிள் இழுத்துவிடுங்கள். யூனிவர்சல் எல்என்பியாக இருக்கட்டும்.

கேபிள் 75 ஓம் ஆர்ஜி-6. முனையில் எஃப் கனெக்டர் மாட்டுவதில்தான் பாதி வேலை கெடுகிறது. வெளி உறையைச் சீவி, பின்னல் கம்பியை உறைமேல் பின்னோக்கி மடித்து, வெள்ளை நுரைப் பகுதி கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி வாயைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டால் போதும். பின்னலின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டால்கூட 13 வோல்ட் ஷார்ட் ஆகி டியூனர் வாயை மூடிக்கொள்ளும். கார்டே போச்சு என்று பயப்படுவீர்கள். டியூனரில் செருகுமுன் கேபிளை வளைத்துக் கீழே ஒரு தொங்கல் விடுங்கள். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டி விழும், உள்ளே இறங்காது. இடி இடித்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள், அன்றைய கச்சேரி போனாலும் பரவாயில்லை.

அடுத்தது கார்டு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி டிவி ஸ்டிக்குகள் தரைவழி ஒளிபரப்புக்கானவை. கொடைக்கானல் கோபுரத்தை நோக்கி வீட்டுக்கு வீடு ஆன்டெனா நின்ற காலம் போய்விட்டது. அந்த ஸ்டிக் உங்களுக்கு உதவாது. நமக்கு வேண்டியது சேட்டிலைட் ஒளிபரப்புக்கான டிவிபி-எஸ்2 கார்டு. வெறும் டிவிபி-எஸ் போதாது, ஃப்ரீ டிஷ்ஷின் எம்பெக்-4 சேனல்கள் எஸ்2-வில்தான் வருகின்றன. அடையாளம் எளிது: மரை வைத்த எஃப் துளை இருக்கும், யூஎஸ்பி மாடலாக இருந்தால் தனியாக 12 வோல்ட் அடாப்டரும் வரும். யூஎஸ்பியின் 5 வோல்ட்டால் எல்என்பியை ஓட்ட முடியாது என்பதால் அடாப்டர் இல்லாத சேட்டிலைட் டியூனரை நம்பாதீர்கள்.

கார்டு வாங்குவதில் பார்க்க வேண்டியது பெட்டியில் போட்டிருக்கும் வேகமோ வண்ணமோ இல்லை. கார்டை இயக்கும் டிரைவர், லினக்ஸின் கருவான கர்னலுக்குள்ளேயே இருக்கிறதா என்பதுதான். டிவிபிஸ்கை எஸ்960-க்கு இருக்கிறது. டிபிஎஸ் நிறுவனத்தின் கார்டுகள் தரமானவை, ஒரே பலகையில் இரண்டு, நான்கு டியூனர் வருவதும் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு அவர்களுடைய டிரைவரைத் தனியாகக் கட்ட வேண்டும், கர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கட்ட வேண்டும். கம்ப்யூட்டரோடு தினமும் புழங்குகிறவருக்கு அது சரி. பால் கறந்துவிட்டு வந்து டிவி முன் உட்காருகிறவருக்கு வேண்டாம்.

ஒரு டியூனர் போதுமா? உங்கள் தேவைக்குப் போதும். டியூனர் பிடிப்பது தனிச் சேனலை அல்ல, பல சேனல்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் ஒரு டிரான்ஸ்பாண்டரை. அதில் பத்துப் பதினைந்து சேனல்கள் ஒன்றாகவே வந்து இறங்கும். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே நேரத்தில் மூன்றைப் பதிவு செய்துகொண்டே நான்காவதைப் பார்க்கலாம். வேறு டிரான்ஸ்பாண்டரில் உள்ள சேனலும் அதே நேரத்தில் வேண்டுமென்றால்தான் இரண்டாவது டியூனர். உங்களுக்குப் பிடித்த சேனல்கள் எந்தெந்தக் கூட்டத்தில் இருக்கின்றன என்று ஸ்கேன் முடிந்ததும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிளெக்ஸில் பதிவு செய்ய அதன் கட்டணச் சந்தா வேண்டும், சேட்டிலைட் கார்டை அது நேரடியாகத் தொடவும் தொடாது. நம் வீட்டுக்கு இரண்டு வகையிலும் பொருந்தாத பொருள். ஜெல்லிஃபின் நல்ல சாஃப்ட்வேர், இலவசமும்கூட. எம்பி (Emby) என்ற சாஃப்ட்வேர் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது 2018-ல் அதிலிருந்து பிரிந்து வளர்ந்தது. ஆனால் அதற்கும் சேட்டிலைட் கார்டோடு பேசத் தெரியாது. பின்னால் டிவிஹெட்எண்ட் ஓடினால் அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும். மித்டிவி 2002-லிருந்து இருக்கிறது, அதால் ஆகாதது குறைவு. ஆனால் டேட்டாபேஸ் அமைப்பது, அட்டவணை கட்டுவது என்று அது கேட்கும் உழைப்பு ஒரு டியூனர் வீட்டுக்கு அதிகம். விளம்பரத்தைத் தானே கண்டுபிடித்துத் தாண்டும் என்று அதைப் புகழ்வார்கள். நிகழ்ச்சி ஓடும்போதே படத்தைச் சுருக்கி ஓரத்தில் ஓட்டும் விளம்பரத்தை எந்த சாஃப்ட்வேராலும் வெட்ட முடியாது.

விண்டோஸை விட மனமில்லை என்றால் நெக்ஸ்ட்பிவிஆர் இருக்கிறது, இலவசம், ஒழுங்காக ஓடும். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, மூன்றாம் தலைமுறை ஐ3-யை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இருபத்துநாலு மணி நேரமும் வலையில் நிற்கப்போகும் மிஷினுக்கு அது சரிப்படாது. அதனால்தான் லிப்ரெஎலெக். இது லினக்ஸ்தான், ஆனால் கட்டளை எதுவும் தட்ட வேண்டியதில்லை. பூட் ஆனதும் நேரே கோடி திரையில் நிற்கும். உங்கள் ஐ3 தாராளம். பதிவு செய்வது என்பது வந்த டேட்டாவை அப்படியே டிஸ்கில் கொட்டுவதுதான், பிராசஸருக்கு அதில் வேலையே கிடையாது.

நிறுவுமுன் ஒன்று. லிப்ரெஎலெக் டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் உட்காரும். பையனின் போட்டோ, ப்ராஜெக்ட் ஏதாவது இருந்தால் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு அவர்கள் தளத்தில் ஜெனரிக் என்ற பதிப்பை இறக்கி, பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து நிறுவலாம். முடிந்ததும் கோடியின் அமைப்புகளில் பிராந்தியப் பகுதிக்குப் போய் நேர மண்டலத்தை இந்தியா என்று வையுங்கள். இதை விட்டால் மாலை 6 மணி நிகழ்ச்சிக்கு வைத்த பதிவு இரவு 11.30-க்கு ஓடும். ஐந்தரை மணி நேரம் தள்ளிப் பதிவாகிறது என்றால் காரணம் இது ஒன்றே.

அடுத்து ஆட்-ஆன் களஞ்சியத்தில் சேவைகள் பகுதியில் டிவிஹெட்எண்ட் சர்வரையும், பிவிஆர் பகுதியில் டிவிஹெட்எண்ட் கிளையண்டையும் நிறுவுங்கள். யூஎஸ்பி டியூனர் விழித்துக்கொள்ளச் சில நொடி எடுக்கும். அதற்குள் சர்வர் கிளம்பிவிட்டால் டியூனர் இல்லை என்று முடிவு கட்டிவிடும். சர்வர் ஆட்-ஆனின் அமைப்பில் டியூனருக்காகக் காத்திருக்கச் சொல்லும் இடம் இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள்.

மீதி வேலை பிரவுசரில். போனிலோ லேப்டாப்பிலோ அந்த மிஷினின் ஐபி முகவரியோடு 9981 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறந்தால் டிவிஹெட்எண்ட் பக்கம் வரும். டிவிபி உள்ளீடுகள் பகுதியில் உங்கள் டியூனரை இயக்கத்துக்குக் கொண்டுவந்து, எல்என்பி வகைக்கு யூனிவர்சல் என்று கொடுங்கள். நெட்வொர்க்குகள் பகுதியில் டிவிபி-எஸ் நெட்வொர்க் ஒன்று உண்டாக்கி, 93.5 கிழக்கு என்ற முன்பட்டியலைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டியூனருக்குத் திரும்பிப் போய் இந்த நெட்வொர்க்கை அதோடு இணைக்க வேண்டும். பலர் மறப்பது இந்த ஒரு படிதான், மறந்தால் ஸ்கேன் தொடங்கவே தொடங்காது. டிரான்ஸ்பாண்டர் ஒவ்வொன்றாக ஓகே என்றோ ஃபெயில் என்றோ காட்டும். எல்லாமே ஃபெயில் என்றால் டிஷ், கேபிள், எல்என்பி அமைப்பு. சில மட்டும் ஃபெயில் என்றால் முன்பட்டியல் பழசு. நெட்வொர்க் அமைப்பில் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை ஆன் செய்துவிட்டால் ஓகே ஆன ஒன்றிலிருந்தே மற்றவற்றைத் தெரிந்துகொள்ளும். ஃப்ரீ டிஷ்ஷில் இடங்களைப் பிரசார் பாரதி ஏலத்தில் விடுவதால் சேனல்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்றுவரை வந்தது இன்று இல்லை என்றால் முதலில் மறு ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் கிடைத்தவற்றைச் சேனல்களாக மாற்றச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள், வேண்டிய பதினைந்தைச் சேர்த்தால் அம்மா ரிமோட்டில் தேட வேண்டியிருக்காது. டிடி தமிழ் சில பழைய பட்டியல்களில் பொதிகை என்றே இருக்கும், 2024 ஜனவரியில்தான் பெயர் மாறியது. ஆகாசவாணியின் வானொலிச் சேனல்களும் இதே டிஷ்ஷில் வருகின்றன. கச்சேரிப் பிரியர் என்பதால் சொல்கிறேன், டிவியைப் போலவே அவற்றையும் நேரம் வைத்துப் பதிவு செய்யலாம், இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும்.

மேலே நிலை காட்டும் பக்கத்தில் சிக்னல் வலு, எஸ்என்ஆர், தொடர்ச்சிப் பிழை என்று எண்கள் ஓடும். வலுவைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்று காட்டும் எஸ்என்ஆர், தெளிந்த வானத்தில் 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் மழைக்குக் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது. தொடர்ச்சிப் பிழை ஏறிக்கொண்டே போனால் பதிவில் படம் கட்டம் கட்டமாக உடையும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் காலை 11 மணி சுமாருக்குச் சில நிமிடம் எல்லாம் நின்றுபோனால் கவலை வேண்டாம். சூரியன் நேராகச் சேட்டிலைட்டுக்குப் பின்னால் வருகிற நாட்கள் அவை.

நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துப் பெயரை அழுத்திப் பதிவு செய்யும் வழக்கம் நம் ஊரில் எடுபடாது. ஃப்ரீ டிஷ்ஷில் அலையோடு வரும் பட்டியல் பல சேனல்களுக்குக் காலியாகவோ தப்பாகவோ இருக்கும். ரெக்கார்டர் பகுதியில் டைமர் என்ற இடத்தில் சேனல், கிழமை, தொடக்கம், முடிவு என்று கைப்பட எழுதுங்கள். முன்னால் 3 நிமிடம், பின்னால் 10 நிமிடம் சேர்த்து வையுங்கள். கச்சேரி என்றால் பின்னால் 15; மங்களம் பாடும்போது பதிவு நின்றால் மனசு ஆறாது.

டிஸ்க் எவ்வளவு வேண்டும்? சேனலின் வேகத்தை மெகாபிட்டில் எடுத்து 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வரும். சாதாரணச் சேனல் 2.5 மெகாபிட் என்றால் மணிக்கு 1.1 ஜிபி சொச்சம். எச்டி 7 என்றால் 3 ஜிபிக்கு மேல். ஒரு டிபியில் சாதாரணச் சேனல் 800 மணி நேரத்துக்கு மேல் நிற்கும். காந்திபுரத்துக் கடைகளிலோ பொள்ளாச்சியிலோ சிசிடிவிக்காக விற்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள், ஓயாமல் எழுதுவதற்கென்றே செய்தது. பென்டிரைவ் வேண்டவே வேண்டாம். எஃப்ஏடி32 வடிவில் உள்ள டிஸ்கில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. மூன்று மணி நேரக் கச்சேரி எச்டியில் வந்தால் பாதியில் நின்றுவிடும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுப் பாதையை அந்த டிஸ்க்கைக் காட்டும்படி மாற்ற மறந்தால் எல்லாம் உள்ளேயிருக்கும் சின்ன டிஸ்கில் விழுந்து அது நிரம்பிவிடும்.

மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒருநாள் பகலெல்லாம் கரண்ட் போகும், பொழுதோட வந்துவிடும். வந்ததும் மிஷின் தானே எழுந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில், மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது என்ற இடத்தில் ஆன் என்று வையுங்கள். பதிவுக் கோப்பு வடிவம் டிஎஸ் என்றே இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை எழுதியது ஓடும். எம்பி4 ஆக இருந்தால் முடிவுரை எழுதப்படாமல் முழுக்கோப்புமே திறக்காமல் போகலாம்.

பழைய டெஸ்க்டாப் சும்மா நிற்கும்போதே சுமார் 35 வாட் இழுக்கும் என்று வைத்தால் நாளைக்கு 0.84 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 50 யூனிட். மாலை 5 முதல் 9 வரைதான் உங்களுக்கு வேலை என்றால் பயாஸின் அலாரத்தில் தினமும் எழும்ப வைத்து, இரவு நீங்கள் பார்த்து முடித்ததும் ரிமோட்டில் அணைத்துவிடலாம். அலாரம் வைக்கும்போது கவனம்: லினக்ஸ் பயாஸ் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொள்ளும். மாலை 5 மணிக்கு எழ வேண்டுமென்றால் பயாஸில் 11.30 என்று எழுத வேண்டும்.

பார்ப்பதற்கு எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகி, கோடியில் டிவிஹெட்எண்ட் கிளையண்டை இயக்கினால் போதும், இரண்டும் ஒரே மிஷினில் இருப்பதால் முகவரி மாற்ற வேண்டியதில்லை. நாட்டியக்காரர் கையை வீசும்போது விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலப் பிசிறு தெரிந்தால் படம் ஓடும்போதே வீடியோ அமைப்பில் டீஇன்டர்லேஸை ஆன் செய்யுங்கள். போனில் பார்க்க ஜெல்லிஃபின் எல்லாம் தேவையில்லை. லிப்ரெஎலெக் பதிவுகளை வீட்டு வைஃபையில் பகிரும், விஎல்சி செயலி அதைத் திறந்து ஓட்டும். பிரவுசரில் திறந்தால் ஓடாது, எம்பெக்-2 படத்தைப் பிரவுசர்கள் காட்டுவதில்லை.

வெளியூரில் இருக்கும் பையனும் பார்க்க வேண்டும் என்று கேட்டால் ரவுட்டரில் 9981-ஐத் திறந்துவிட வேண்டாம். ஒரே நாளில் ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து தட்டுவார்கள். ஒயர்கார்டு போன்ற தனிவழி (விபிஎன்) அமைத்து அதன் வழியே வரச் சொல்லுங்கள். சொந்த உபயோகத்துக்கு ஒளிபரப்பைப் பதிவு செய்வதைக் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. அதே பதிவை யூடியூபில் ஏற்றினாலோ வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டாலோ அந்தப் பிரிவு துணைக்கு வராது.

கடைக்குப் போகும்போது எழுதி எடுத்துப்போக: கர்னல் டிரைவர் உள்ள டிவிபி-எஸ்2 கார்டு ஒன்று அதன் 12 வோல்ட் அடாப்டரோடு, இரட்டை வெளியீட்டு யூனிவர்சல் எல்என்பி, மாடியிலிருந்து டிவி வரை அளந்த நீளத்துக்கு மேல் இரண்டு மீட்டர் ஆர்ஜி-6, எஃப் கனெக்டர் ஆறு (நாலு போதும், இரண்டு வீணாகும்), சிசிடிவி ஹார்ட் டிஸ்க் ஒரு டிபி. பாக்ஸ் பட்டனைக் கேபிள்காரரிடம் கேட்பதை இன்றே கேட்டுவிடலாம், அதற்குக் கடை தேவையில்லை.